குழந்தை இறந்ததைச் சொன்னவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி

குருவிக்கூடு | சனி, இரவு 11.10

வணக்கம். நான் கிராம சுகாதார செவிலியர். இந்த வேலைக்கு வந்து 16 ஆண்டுகள் ஆகின்றன. இங்கே இதுவரை மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வியாழக்கிழமை நடந்த ஒன்றை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு நாளாக மனம் அடித்துக்கொள்கிறது. அதனால் எழுதுகிறேன்.

என் பகுதியில் ஒரு பெண். 23 வயது, தலைப்பிரசவம். எட்டாம் மாதம், குழந்தை அசையவில்லை என்று போன் செய்தாள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். வயிற்றிலேயே இறந்திருந்தது. திங்கட்கிழமை பிரசவம் ஆனது. வியாழக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டுப் போனேன். திண்ணையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, பாப்பா போய்விட்டாள்" என்றாள்.

நான் கேட்டது: "அட்டை எங்கே? பிக்மி நம்பர் வேண்டும்."

அவள் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். பிறகு கையை விட்டுவிட்டு உள்ளே போனாள். சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த தாய் சேய் நல அட்டையை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். பிக்மி என்பது கர்ப்பிணிக்கு அரசு தரும் பதிவு எண். அதன் 12 இலக்கத்தையும் எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அன்று மாலைக்குள் அந்தப் பதிவை முடிக்காவிட்டால் வட்டாரத்திலிருந்து போன் வரும். என் தலைக்குள் அது ஒன்றுதான் இருந்தது.

இரவு படுத்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்பது உறைத்தது. அதிலும் அழுகை வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் என் பகுதியில் ஒரு குழந்தை எடை குறைவாகப் பிறந்து பதினோராம் நாள் இறந்தது. அப்போது ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தேன். இப்போது ஒன்றுமே இல்லை. கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அப்படி இருக்கிறது.

வேலை பளு பற்றி இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. என்னிடம் அதைவிட அதிகம். பக்கத்து நிலையத்தில் ஆள் இல்லாததால் ஒன்றரை ஆண்டாக அதுவும் கூடுதல் பொறுப்பு. புதன்கிழமை தடுப்பூசி, மற்ற நாளில் வீடு வீடாகப் போவது, பள்ளி, அங்கன்வாடி, காய்ச்சல் கணக்கு. இதெல்லாம் எனக்குச் சுமை இல்லை. வெயிலில் நடப்பேன், பசியோடு நடப்பேன். வீட்டுக்கு வந்த பிறகு, பார்த்ததை எல்லாம் மறுபடி செயலியில் ஏற்ற வேண்டும். நோட்டில் ஒரு முறை, போனில் ஒரு முறை, வாட்ஸ்அப் குழுவில் கேட்கும் படிவத்தில் ஒரு முறை. பகல் முழுக்க மனிதர்கள், இரவு முழுக்க அவர்களுடைய எண்கள். நாளாக ஆக, மனிதரைப் பார்க்கும்போதே எண் தெரிய ஆரம்பித்துவிட்டது.

வேறு யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா? இதிலிருந்து திரும்ப முடிந்ததா? அதை மட்டும் சொல்லுங்கள்.


மலைச்சாலை | சனி, இரவு 11.52

அக்கா, நேர்ந்திருக்கிறது. நான் மலைமேல் உள்ள ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர். இந்த இரண்டு வரியை முதலில் படித்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் விரிவாக எழுதுகிறேன்.


செவிலியின்மகள் | ஞாயிறு, காலை 6.35

என் அம்மாவும் கிராம சுகாதார செவிலியர். சாப்பிடும்போது தட்டுக்கு இடப்பக்கம் போன் இருக்கும். ஒலித்தால் வலது கையில் சோற்றோடு இடது கையால் எடுப்பார். பத்தாம் வகுப்பு படிக்கும்போது அம்மாவுக்காகப் பதிவுகளை நான்தான் ஏற்றுவேன். அம்மா நோட்டைப் பார்த்து எண்ணை வாசிப்பார், நான் தட்டுவேன். சில நேரம் வாசித்துக்கொண்டிருக்கும்போதே குரல் தேயும். திரும்பிப் பார்த்தால் உட்கார்ந்தபடியே தூங்கியிருப்பார். எழுப்ப மனம் வராமல், மிச்சத்தை நானே நோட்டிலிருந்து பார்த்து ஏற்றுவேன்.

எங்கள் தெருவில் எல்லாக் குழந்தைகளும் அம்மாவை நர்சம்மா என்று ஓடிவந்து கட்டிக்கொள்ளும். வீட்டில் நாங்கள் பேசினால் அம்மாவுக்கு எரிச்சல் வரும். சின்ன வயதில் அதற்காக அம்மாவை வெறுத்திருக்கிறேன். உங்கள் பதிவைப் படித்ததும் அம்மாவுக்குப் போன் செய்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.


மலைச்சாலை | ஞாயிறு, காலை 9.20

நேற்றுச் சொன்னபடி எழுதுகிறேன்.

உங்களுக்கு நேர்ந்திருப்பது கல்நெஞ்சம் இல்லை அக்கா. இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் திருத்தத்தில் பணிச்சோர்வை விளக்கியிருக்கிறது. அதை நோய் என்று சொல்லவில்லை. பணியிடத்தின் நீடித்த நெருக்கடியைச் சரிசெய்யாமல் விட்டதால் வருவது என்று சொல்கிறது. மூன்று அடையாளங்கள். சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி நின்றுகொள்வது, நாம் செய்வதால் எதுவும் ஆகவில்லை என்று தோன்றுவது. நீங்கள் எழுதிய 'மரத்துப்போனது' அந்த இரண்டாவது. சோர்ந்தவரின் உடம்பில் தேடினால் கிடைக்காது, பணியிடத்தில்தான் தேட வேண்டும் என்பதைத்தான் அந்த விளக்கம் சொல்கிறது. எனக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

என் கதை. போன மழைக்காலத்தில் ஒரு வாரம் நான் மட்டும்தான் டாக்டர். இன்னொருவர் பயிற்சிக்குப் போயிருந்தார். பாம்பு கடித்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள், இரவு இரண்டு மணி. இரத்தம் உறைகிறதா என்று பார்க்கக் கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் பாதி பயம் போய்விடும். உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். குழாயை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். வெளியே அந்த மனிதரின் மனைவி அழுதுகொண்டிருந்தார். 'இந்த 20 நிமிடம் யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள்' என்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது. குழாயைப் பார்க்கிறேன், அதில் ஓர் ஆயுள் ஓடிக்கொண்டிருக்கிறது, எனக்கு வந்ததோ நிம்மதி. அவர் பிழைத்துவிட்டார். ஆனால் அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் என்னை எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்கு வெளியே போக ஒரு கதவு இருக்கிறது. பட்ட மேற்படிப்பில் மாநில இடங்களில் பாதி அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு. 2020இல் உச்ச நீதிமன்றமும் அப்படி ஒதுக்கும் உரிமை மாநிலத்துக்கு உண்டு என்று சொல்லிவிட்டது. மலைப்பகுதியில் வேலை பார்த்ததற்கு மதிப்பெண்ணும் சேரும். இன்னும் இரண்டு ஆண்டு பல்லைக் கடித்துக்கொண்டால் நான் இறங்கிவிடலாம். உங்களுக்கு அந்தக் கதவு இல்லை. ஒரே வேலை, ஒரே ஊர்கள், ஓய்வு வரைக்கும். டாக்டர்களின் சோர்வைப் பற்றிக் கருத்தரங்கு நடக்கிறது. செவிலியரின் சோர்வைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.


கரிசல்காட்டான் | ஞாயிறு, காலை 11.05

மாற்றுக் கருத்து சொல்கிறேன், மன்னியுங்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் வந்த பிறகு என் தந்தைக்கு இரத்த அழுத்த மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. கொண்டுவரும் பெண்ணை நான் மதிக்கிறேன். ஆனால் என் தங்கையின் பிரசவத்தின்போது வலியில் கத்தியதற்காக ஒரு செவிலியர் அவளைச் சொன்ன சொல்லை நான் இங்கே எழுத முடியாது. எட்டு ஆண்டாகிறது, என் தங்கை இன்னும் மறக்கவில்லை. இரண்டாவது குழந்தைக்குக் கடன் வாங்கித் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

சோர்வு எல்லோருக்கும் இருக்கிறது. பருத்தி எடுக்கும் பெண்ணுக்கு இல்லையா? அவளுக்கு மாதச் சம்பளம்கூட இல்லை. சோர்வு என்ற பேரில் நோயாளி திட்டு வாங்குவதை நியாயப்படுத்தக் கூடாது. குருவிக்கூடு சகோதரி தான் செய்ததைத் தவறு என்று உணர்ந்து எழுதியிருக்கிறார், அதற்கு மரியாதை செய்கிறேன். பலர் உணர்வதே இல்லை.


குருவிக்கூடு | ஞாயிறு, பகல் 1.40

சகோதரரே, உங்கள் தங்கைக்கு நடந்தது தவறு. அதற்குச் சமாதானம் சொல்ல மாட்டேன். சாமி படத்துக்குப் பின்னால் இருந்து அட்டையை எடுத்துக் கொடுத்த பெண்ணும் எட்டு ஆண்டு கழித்து என்னைப் பற்றி இப்படித்தான் சொல்வாள் என்ற பயத்தில்தான் இதை எழுதவே தொடங்கினேன்.


இரவுப்பணி | ஞாயிறு, பிற்பகல் 3.15

கரிசல்காட்டான் அண்ணா, பிரசவ அறையில் கத்துகிற செவிலியர்களில் நானும் ஒருத்தி. நியாயப்படுத்த வரவில்லை, அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல வருகிறேன்.

24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம். இரவில் செவிலியர் நான் ஒருத்தி, உதவிக்கு ஒரு பணியாளர். போன மாதம் ஓர் இரவு இரண்டு பெண்களுக்கு ஒரே நேரத்தில் வலி. ஒருத்திக்குத் தலை தெரிகிறது. இன்னொருத்திக்குக் குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிறது, 108க்குச் சொல்லியாகிவிட்டது, வண்டி வர 35 நிமிடம் என்கிறார்கள். வெளியே உறவினர்கள் கதவைத் தட்டுகிறார்கள். தலை தெரிகிற பெண் காலை மடக்கிக்கொண்டு திறக்க மாட்டேன் என்கிறாள். அந்த நிமிடத்தில் நான் கத்தினேன். இரண்டு குழந்தையும் பிழைத்தன. காலையில் அவளுடைய தாய் எனக்குச் சர்க்கரை கொடுத்தார். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் தொகுப்பூதியத்தில் இருப்பவள். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத் தேர்வு எழுதி வந்தோம். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்றார்கள். 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகம் இருக்கும் டிஎம்எஸ் வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தோம். நானும் கைக்குழந்தையோடு இருந்தேன். பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்பவருக்கு ஒரு சம்பளம், எனக்கு ஒரு சம்பளம். கோவிட் காலத்தில் எடுக்கப்பட்ட ஒப்பந்தச் செவிலியர்களை 2022 டிசம்பர் 31உடன் போகச் சொன்னபோது, அதில் என் தோழி ஒருத்தி இருந்தாள். கவச உடைக்குள் எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருந்தவள். அடுத்த நாள் புத்தாண்டு.

எங்களைக் கைதட்டிப் பாராட்டினார்கள். கிராமத்தில் வீடு வீடாகப் போகும் இந்திய ஆஷா சுகாதாரப் பணியாளர்களுக்கு 2022இல் உலக சுகாதார நிறுவனமே விருது கொடுத்தது. 2025 பிப்ரவரியில் அதே ஆஷாக்கள் கேரளத்தில் 7,000 ரூபாய் மதிப்பூதியம் போதாது என்று தலைமைச் செயலகத்தின் முன் வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். தூக்கம் இல்லாதது உடம்பைத்தான் வாட்டும். செய்யும் வேலைக்கு மதிப்பு இல்லை என்பது உள்ளே போய் உட்கார்ந்துவிடும்.

உங்கள் தங்கையிடம், முகம் தெரியாத ஒரு செவிலியர் மன்னிப்புக் கேட்டாள் என்று சொல்லுங்கள் அண்ணா.


கரிசல்காட்டான் | ஞாயிறு, பிற்பகல் 3.58

சொல்கிறேன் அம்மா. ஒரு செவிலியரை மட்டும் வைத்து இரண்டு பிரசவம் பார்க்க விடுவது யார் முடிவு என்று கேட்க வேண்டிய இடத்தில் நாங்கள் கேட்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கதவைத் தட்டியவர்களில் நானும் ஒருவன்.


ஓய்வுபெற்றசெவிலி | ஞாயிறு, இரவு 8.10

பிள்ளைகளா, நான் 1985இல் சேலம் மாவட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். டென்மார்க் அரசின் டேனிடா உதவியில் கட்டிய துணை நிலையத்தில்தான் குடியிருந்தேன். கடைசியில் கிராம செவிலியர்களை மேற்பார்வை செய்யும் பகுதி சுகாதார செவிலியராக ஓய்வு பெற்றேன். அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல வரவில்லை.

எங்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு இலக்கு இருந்தது. 'கேஸ்' என்போம். மாதம் இத்தனை கேஸ். மார்ச் மாதம் வந்தால் எங்களுக்கு முகமே இருக்காது. இரண்டு பிள்ளை பெற்றவள் தெருவில் வந்தால் அவளை மனுஷியாகப் பார்க்க மாட்டோம், கேஸாகத்தான் பார்ப்போம். எங்களைக் கண்டாலே பெண்கள் கொல்லைப்புறமாகப் போய்விடுவார்கள். 1996 ஏப்ரலில் அந்த இலக்கை எடுத்தார்கள். எடுத்த பிறகு ஒரு வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் கொல்லைப்பக்கம் போகாமல் உட்காரப் பாய் போட்டாள். நான் பாயில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஆக, குருவிக்கூடு, நீ சொல்வது எனக்குப் புதிதில்லை. அன்றைக்குக் கேஸ், இன்றைக்கு எண்.

அதைவிடக் கொடுமையான காலம் ஒன்று இருந்தது. பெண் குழந்தை பிறந்த வீட்டுக்கு மூன்றாம் நாள் போவதற்குக் கால் வராது. குழந்தை இருக்குமோ இருக்காதோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில்தான் வந்தது. தொட்டிலில் போட்டுவிடு, கொன்றுவிடாதே என்று சொல்லிக்கொண்டு வீடு வீடாக நடந்தோம். இருந்த குழந்தையும் உண்டு, இல்லாத குழந்தையும் உண்டு. 'வயிற்றுப்போக்கில் போய்விட்டது' என்பார்கள். திரும்பி வரும் வழியில் புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன், எழுந்திருக்க முடியாமல்.

பிறகு எப்படித் தாங்கினோம் என்று கேட்பாய். கூட ஆள் இருந்தார்கள். என் மேற்பார்வையாளர் அம்மா பஸ்ஸில் வந்து இறங்குவார், என்னோடு வெயிலில் நடப்பார். பதிவேட்டில் தப்பு இருந்தால் திட்டுவார். மதியம் என் அறையில் என் சோற்றைத்தான் சாப்பிடுவார். எந்த வீட்டில் என்ன நடந்தது என்று அவருக்கு நான் சொல்லத் தேவையில்லை, அவரும் கூட நின்று பார்த்திருப்பார். மாதக் கூட்டத்துக்கு வட்டாரத்துக்குப் போனால் கூட்டம் முடிந்து மரத்தடியில் பத்துப் பேர் உட்கார்ந்து பேசி அழுது சிரித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவோம். இப்போது கூட்டமும் போனில், மேற்பார்வையும் போனில் என்று என் மருமகள் சொல்கிறாள், அவளும் இதே வேலைதான். போன் கேள்வி கேட்கும். உன்னோடு அந்தத் திண்ணையில் வந்து உட்காருமா?

நான் பகுதி செவிலியர் ஆன பிறகு என் கீழ் வேலை பார்த்த பெண்களோடு நடந்தேன். என் முழங்கால் தேய்ந்ததற்கு அதுதான் காரணம், அதில் எனக்கு வருத்தம் இல்லை.


வன்னிமருத்துவமாது | ஞாயிறு, இரவு 9.45

இலங்கையின் வடக்கிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் குடும்ப நல உத்தியோகத்தர்கள். சனம் இன்றும் மருத்துவமாது என்றுதான் சொல்லும். ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் என்பது எங்கள் அளவு. ஆளணி இல்லாத பிரிவுகளுக்குப் பதில் கடமை. நான் இரண்டு பிரிவு பார்த்தேன்.

2022 பொருளாதார நெருக்கடி எனக்கு மறக்காது. பெற்றோல் வரிசையில் இரவு முழுக்க ஸ்கூட்டியோடு நின்றுவிட்டுக் காலையில் கிளினிக்குக்குப் போன நாட்கள் உண்டு. பிறகு சைக்கிளுக்கு மாறினேன். அது கஷ்டம்தான், ஆனால் அது என்னை உடைக்கவில்லை. உடைத்தது திரிபோஷா. நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பவதிகளுக்கும் கொடுக்கும் சத்துமா. அது வராமல் போனது. பிள்ளையைத் தராசில் போட்டு நிறுப்பேன். போன மாதத்தைவிடக் குறைந்திருக்கும். வளர்ச்சியைக் குறிக்கும் பாதையேட்டில் கோடு கீழே இறங்கும். தாய் என் முகத்தைப் பார்ப்பார். என் கையில் ஒன்றும் இருக்காது. பருப்பும் முட்டையும் கொடுங்கள் என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு முட்டை விற்ற விலையில் அதை எந்த வாயால் சொல்வது? ஒரு தாய் சொன்னார்: "மிஸ், தரமுடியாட்டில் நிறுக்காதேங்கோ." கோபமில்லாமல்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு சில வீடுகளுக்குப் போவதைத் தள்ளிப்போட்டேன். போகாமலே போனதாக எழுதவில்லை, ஆனால் தள்ளிப்போட்டேன். குருவிக்கூடு அக்கா, நீங்கள் அந்தப் பெண்ணின் வீட்டிலிருந்து வேகமாகக் கிளம்பியதும் அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். கொடுக்க ஒன்றுமில்லாதபோது ஆள் எண்ணைக் கேட்கும். என்னோடு பயின்ற மூவர் வெளிநாட்டில் முதியோர் பராமரிப்புக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. காரணம் தெரியவில்லை, பிள்ளைகளின் நிறை மீண்டும் ஏறத் தொடங்கியதைப் பார்த்தேன், அதுவாக இருக்கலாம்.


கணக்கர் | திங்கள், காலை 7.30

மூன்று முறை எழுதி அழித்துவிட்டு இதை அனுப்புகிறேன். நான் ஒரு வட்டாரத்தில் புள்ளியியலாளர். குருவிக்கூடு அவர்கள் பயந்தாரே, வட்டாரத்திலிருந்து வரும் போன், அப்படிப்பட்ட போனைச் செய்பவன் நான்.

என் பக்கம் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். காலை பத்து மணிக்கு மாவட்டத்திலிருந்து ஒரு பட்டியல் வரும். 12 வாரத்துக்குள் பதிவான கர்ப்பிணிகள் எத்தனை சதவீதம், நிலுவை எத்தனை. சிவப்பு நிறத்தில் இருக்கும் நிலையங்களுக்கு நான் போன் செய்ய வேண்டும். மாலை நான்கு மணிக்கு அதே பட்டியல் மறுபடி வரும். தாய் சேய் நலத்துக்கு ஒரு படிவம், தடுப்பூசிக்கு ஒரு படிவம், இரத்தசோகைக்கு ஒரு படிவம். பார்த்தால் அதே பெண்ணின் அதே விவரம் மூன்றிலும் இருக்கும். ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு அலுவலர், ஒவ்வொருவருக்கும் தன் திட்டத்தின் எண் உடனே வேண்டும். எல்லாம் கடைசியில் ஒரே செவிலியரின் போனில் போய் விழுகிறது.

எண்ணே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். 2018-20 கணக்கில் தமிழ்நாட்டில் உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்குத் தாய் இறப்பு 54, இந்தியா முழுவதற்கும் 97. ஒவ்வொரு தாய் இறப்பையும் விடாமல் தணிக்கை செய்ததற்கு இதில் பங்கு உண்டு. எந்த மணிக்கு வலி வந்தது, வண்டி எத்தனை மணிக்கு வந்தது, இரத்தம் எப்போது கிடைத்தது என்று கேட்டுக் கேட்டுத்தான் அடுத்த தாயைக் காப்பாற்றினார்கள். ஆனால் தணிக்கைக் கூட்டத்தில் நான் பார்த்தது இது. இரத்தம் ஏன் இல்லை என்ற கேள்வி மேலே போகும்போது மெதுவாகப் போகிறது. நீ ஏன் கூடுதலாக ஒரு முறை வீட்டுக்குப் போகவில்லை என்ற கேள்வி கீழே வரும்போது வேகமாக வருகிறது. கடைசி நாற்காலியில் செவிலியர் உட்கார்ந்திருப்பார். அவர் அந்தத் தாயை ஏழு மாதம் தெரிந்தவர். அந்த அறையிலேயே இறந்தவளின் முகம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவர் அழுதால், 'முதலில் பதில் சொல்லுங்கள்' என்பார்கள்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்தோம். வட்டார மருத்துவ அலுவலர் இறங்கிவந்து கேட்டதால் முடிந்தது. மூன்று படிவத்தையும் நானே ஒன்றாக்கினேன். செவிலியர் ஒரு முறை கொடுப்பார், அதிலிருந்து மற்ற இரண்டுக்கும் பிரித்து அனுப்புவது என் வேலை. மாலை ஆறு மணிக்கு மேல் எண் கேட்டுப் போன் கிடையாது. பிரசவத் தேதி நெருங்கிய ஆபத்தான தாய் என்றால் மட்டும் உண்டு. முதல் மாதம் என் பட்டியல் முழுக்கச் சிவப்பு. மேலிருந்து எனக்குத் திட்டு. மூன்றாம் மாதத்திலிருந்து தாமதமாக வந்தாலும் எண்கள் சரியாக வருகின்றன. முன்பு பத்து மணிக்குள் வேண்டும் என்று நாங்கள் துரத்தியபோது வந்தவற்றில் எத்தனை அவசரத்தில் தட்டியவை என்று இப்போதுதான் தெரிகிறது.

இதனால் ஆள் பற்றாக்குறை தீராது, தொகுப்பூதியமும் மாறாது. என் கைக்குள் இருந்தது இவ்வளவுதான். அம்மா, நீங்கள் என் வட்டாரத்தில் இல்லை என்று நினைக்கிறேன். இருந்தால் வியாழக்கிழமைப் பதிவு எனக்கு அவசரமில்லை.


செவிலியின்மகள் | திங்கள், காலை 8.05

கணக்கர் ஐயா, ஒன்பது மணிக்கு மேல் வந்த போன்களுக்காக ஒரு முகத்தைக் கற்பனை செய்து நான் வருடக்கணக்கில் கோபப்பட்டிருக்கிறேன். எழுதியதற்கு நன்றி.


மலைச்சாலை | திங்கள், இரவு 10.30

குருவிக்கூடு அக்கா, எல்லோரும் எழுதுகிறோம், உங்களைக் காணோம். நலமா? தூக்கம் வராமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனாலோ, உயிரோடு இருந்து என்ன என்பது போல ஒரு நினைப்பு வந்தாலோ அதைச் சோர்வு என்று தள்ளிவிடாதீர்கள். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரைப் பார்க்க வேண்டும். 104க்குப் போன் செய்தாலும் பேசுவார்கள். நாம் எத்தனை பேரை அனுப்பியிருக்கிறோம், நாம் மட்டும் போவதில்லை.


குருவிக்கூடு | செவ்வாய், இரவு 9.15

நலமாக இருக்கிறேன் டாக்டர். அந்த அளவுக்கு இல்லை. அப்படி வந்தால் போவேன், உங்களிடமும் சொல்வேன்.

ஓய்வுபெற்றசெவிலி அம்மா எழுதியதைப் படித்த பிறகு அன்று இரவு தூங்கவில்லை. நேற்று மாலை அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். பையை வண்டியிலேயே வைத்துவிட்டேன். போனையும் அதற்குள் போட்டேன். 16 ஆண்டில் வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போனது அதுதான் முதல் முறை. வாசல் ஏறும்போது கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் மல்லிகை வாசனை. துக்க வீட்டில் பூ வாசனையா என்று ஒரு கணம் புரியவில்லை. பிறகுதான் விளங்கியது. பால் கட்டியிருக்கிறது. அதை வற்ற வைக்க அவளுடைய தாய் மார்பில் மல்லிகைப் பூ வைத்துத் துணியால் கட்டியிருக்கிறார், பாட்டி காலத்து வைத்தியம். குழந்தை இல்லாவிட்டாலும் மூன்றாம் நாள் பால் சுரக்கும். இது எனக்குத் தெரியும், பாடத்தில் படித்தது, எத்தனையோ வகுப்பில் சொல்லிக் கொடுத்தது. வியாழக்கிழமை நான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். மார்பு வலிக்கிறதா என்று.

கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை, அழுதாள். யாரும் கேட்கவில்லை அக்கா என்றாள். ஆண்கள் இருக்கும் வீட்டில் யாரிடம் சொல்வது என்று ஜாக்கெட் நனைய நனைய மாற்றிக்கொண்டு இருந்திருக்கிறாள். கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கல்லாக இருந்தது, இடது பக்கம் சிவந்து சூடாக இருந்தது. காய்ச்சல் இல்லை. குளிர்ந்த துணி வைத்தேன். வலி தாங்கும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் பாலைப் பீய்ச்சி எடுக்கச் சொல்லிக் கொடுத்தேன். முழுவதும் எடுத்தால் மறுபடி சுரக்கும் என்றேன். பூவை எடுக்கச் சொல்லவில்லை. அதை வைத்துக் கட்டிய தாய்க்கும் ஏதாவது செய்ய இருக்கட்டும். கட்டை மட்டும் இறுக்காமல் தளர்த்திக் கட்டினோம். அந்தக் கிண்ணத்தில் இருந்த பாலைக் கீழே ஊற்ற மாட்டேன் என்றாள். முருங்கை மரத்தடியில் அவளே போய் ஊற்றிவிட்டு வந்தாள்.

அதன் பிறகு திண்ணையில் உட்கார்ந்தோம். குழந்தைக்கு நிறைய முடி இருந்தது என்று சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. வந்ததில் எவ்வளவு நிம்மதி என்று டாக்டருக்குப் புரியும்.

கிளம்பும்போது, மிச்சம் இருக்கும் இரும்புச்சத்து மாத்திரையை எனக்குத் திருப்பித் தர எடுத்துவந்தாள். இனி எதற்கு என்றாள். அவளுக்காகத்தான், இன்னும் சாப்பிட வேண்டும் என்று சொல்லி அவள் கையிலேயே வைத்தேன்.

இன்று காலை போனபோது மார்பு இளகியிருந்தது. சிவப்பு குறைந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மறுபடி பார்க்க வேண்டும்.

இரவுப்பணி தங்கைக்கும் வன்னிச் சகோதரிக்கும் தனியாக எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன். நாளை புதன்கிழமை. தடுப்பூசிப் பெட்டி எடுக்க ஏழரைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்க வேண்டும். நாளை இரவு எழுதுகிறேன்.